எழுதி வாங்கினால் பொறுப்பு போய்விடுமா?

கேள்வி: வணக்கம் சார். நாமக்கல் பக்கம் தண்ணீர்த் தொட்டி, சம்ப் கழுவும் வேலையை எடுத்துச் செய்கிறேன். என்னிடம் நான்கு பையன்கள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு பெட்ரோல் பங்கில் டீசல் டேங்க் சுத்தம் செய்யக் கூப்பிட்டார்கள். உள்ளே இறங்கிய பையன் பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று மேலே வந்துவிட்டான். சோடா குடித்துவிட்டுப் படுத்திருந்தான், சாயங்காலம் சரியாகிவிட்டது. இப்போது அதே முதலாளியின் இன்னொரு பங்கில் இரண்டு பெட்ரோல் டேங்க், கூடவே கழிவறையின் செப்டிக் டேங்க், எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் பேசி, 10,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். 'எந்த விபத்து நடந்தாலும் நானே பொறுப்பு' என்று பத்திரத்தில் எழுதித் தரச் சொல்கிறார் மேனேஜர். நானும் பையன்களிடம் 'சொந்தப் பொறுப்பில் இறங்குகிறோம்' என்று எழுதி வாங்கிக்கொண்டால் எனக்குப் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. நீங்கள் மேனேஜருக்கு எழுதித் தரும் காகிதம் உங்களைக் கட்டும். பையன்கள் உங்களுக்கு எழுதித் தரும் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் பையன்களின் காகிதம். வேலையில் அடிபட்டாலோ உயிர் போனாலோ கிடைக்க வேண்டிய இழப்பீட்டைத் தொழிலாளி முன்கூட்டியே விட்டுக்கொடுத்து எழுதினால் அந்த ஒப்பந்தம் செல்லாது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. கைநாட்டு, சாட்சி, நோட்டரி முத்திரை என்று எது சேர்த்தாலும் அந்தக் காகிதத்துக்கு உயிர் வராது. கோர்ட்டில் அது உங்களுக்கு எதிராகவே திரும்பவும் கூடும். 'ஆபத்து என்று தெரிந்துதான் எழுதி வாங்கியிருக்கிறார்' என்று எதிர்த் தரப்பு வக்கீல் முதல் வேலையாக அதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

தொகை எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 30 வயதுத் தொழிலாளி இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை, அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் 207.98 என்ற எண்ணால் பெருக்குவார்கள். சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 2020 ஜனவரியில் நிர்ணயித்த உச்சவரம்பான 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். அதன்படி 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். தாமதித்தால் 12 சதவீத வட்டி. இதில் ஊருக்கு ஊர் நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டிலேயே பெரியவர்கள் கூடி 'ஐந்து லட்சம் கொடுத்துவிடு, கேஸ் வேண்டாம்' என்று பேசி முடிப்பார்கள். அப்படிக் கையில் கொடுத்த பணம் சட்டத்தின் கண்ணில் இழப்பீடே ஆகாது. உயிரிழப்புக்கான தொகையை அதற்கென்று உள்ள அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். ஐந்து லட்சத்தையும் கொடுத்துவிட்டு, அப்புறம் முழுத் தொகைக்கும் மனு வந்து நிற்பவர்கள் உண்டு.

இனி மேனேஜர் கேட்கும் பத்திரம். ஒப்பந்ததாரரை வைத்து வேலை வாங்கினாலும், அந்த வேலை தன் தொழிலின் வழக்கமான பகுதியாக இருந்தால் தொழிலாளியின் குடும்பம் பங்க் முதலாளியிடமே நேரடியாக இழப்பீடு கேட்கலாம். பெட்ரோல் விற்பவருக்கு டேங்க் பராமரிப்பு தொழிலின் பகுதிதான் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. அவர் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிப்பார். பத்திரம் இல்லாவிட்டாலும் அந்த உரிமை அவருக்கு உண்டு. பத்திரம் இருந்தால், பங்க் ஊழியர் சிகரெட் பற்ற வைத்து நடந்த விபத்தையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். 'எந்த விபத்து நடந்தாலும்' என்ற அந்த வார்த்தைகளை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'என் ஆட்களின் கவனக்குறைவால் நேரும் சேதத்துக்கு மட்டும்' என்று மாற்றி எழுதுங்கள். டேங்கைக் காலி செய்வது, பைப் இணைப்பைக் கழற்றுவது, அன்றைய தினம் லாரி லோடு இறக்காமல் இருப்பது ஆகியவை பங்கின் பொறுப்பு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

பணத்தை இப்படி ஒருவர்மேல் ஒருவர் தள்ளலாம், ஜெயிலைத் தள்ள முடியாது. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. உங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல்: போன மாதம் ஒருவன் தலை சுற்றி வெளியே வந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இதற்குப் பிறகு அதே முறையில் ஒருவனை இறக்கி அவன் இறந்தால், கவனக்குறைவு அல்ல, தெரிந்தே செய்தது என்று போலீஸ் 105ஆம் பிரிவுக்குப் போகலாம். அதில் பத்து ஆண்டு வரை போகும்.

பெட்ரோல் டேங்க்கும் தண்ணீர் சம்ப்பும் ஒன்றல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. மூடியைத் திறந்துவைத்தால் போய்விடாது, அடியிலேயே கிடக்கும். காற்றில் அது ஒன்றரை சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். செல்போன் டார்ச், சாதாரண மோட்டார், இரும்பு வாளி உரசல், நைலான் சட்டை என்று பொறிக்கு எத்தனையோ வழி. தீ இல்லாவிட்டாலும் மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. இதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, மீட்டர் வேண்டும்.

அதனால் வேலைக்கான பெர்மிட் கேளுங்கள். தேதி, நேரம், டேங்க் எண், வாயு அளவு, அளந்தவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு வழக்கில் நான் பார்த்த பெர்மிட்டில் காலை, மதியம், மாலை மூன்று வேளைக்கும் வாயு அளவு '0' என்று ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருந்தது. விபத்து நடந்ததோ காலை பதினொன்றரைக்கு. மாலை அளவை யார் எடுத்தார்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது பதில் இல்லை. உங்கள் கண்ணெதிரில் மீட்டரை உள்ளே விட்டு அளந்து எழுதாத பெர்மிட்டை நம்பாதீர்கள். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நகராமல் நிற்க வேண்டும். முதல் ஆள் விழுந்ததும் 'அண்ணே' என்று கத்திக்கொண்டு இரண்டாவது ஆள் வெறும் கையோடு குதிப்பதுதான் ஒரு சாவை இரண்டாக்குகிறது.

'பையன்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சுவழக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒருவேளை யாருக்காவது 18 முடியவில்லை என்றால், உரிமம் பெற்ற பெட்ரோல் வளாகத்துக்குள் அவரை வேலைக்கு வைக்கவே கூடாது. மது அருந்தியவருக்கும் இதே தடை. இரண்டும் பெட்ரோலிய விதிகளிலேயே உள்ளவை.

அடியில் வாரும் எண்ணெய்ச் சேறு 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் வருகிறது. ஓடையில் கொட்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதை அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைப்பது பங்கின் வேலை என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், எடுக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆள் சாக வேண்டியதில்லை, இறக்கினாலே குற்றம். முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத பிரிவு. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. பங்குக்கு வேண்டியது உள்ளாட்சி உரிமம் உள்ள கழிவுநீர் லாரி, அவ்வளவுதான்.

பெட்ரோல் டேங்க் வேலையையும் இப்போதைய ஏற்பாட்டோடு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஆள் இறங்காமல் மெஷின் மூலம் எண்ணெயைச் சுற்றவிட்டு வடிகட்டும் முறை இருக்கிறது. அதில் கூட்டுச் சேர முடியுமா என்று பாருங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மீட்டர், காற்றுக் குழாய் முகமூடி, பயிற்சி, இழப்பீட்டு பாலிசி எல்லாம் கைக்கு வந்த பிறகு. பாலிசிப் படிவத்தில் பிரீமியம் குறையும் என்று 'ஹவுஸ்கீப்பிங்' என்று போடச் சொல்வார்கள். 'பெட்ரோல் டேங்க்குக்குள் இறங்குதல்' என்றே எழுதுங்கள். மறைத்திருந்தால் கம்பெனி பணம் தர மறுக்க அதுவே போதும்.

தலை சுற்றியவரை இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், செலவு உங்களுடையது. அட்வான்ஸ் வாங்கிவிட்டோமே என்று தயங்க வேண்டாம். சட்டம் தடை செய்த வேலையைச் செய்யச் சொல்லி எந்த கோர்ட்டும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில், 'செப்டிக் டேங்க் வேலை சட்டப்படி எடுக்க முடியாது. பெட்ரோல் டேங்க் வேலைக்குப் பெர்மிட்டும் வாயுச் சோதனையும் தேவை. அதுவரை அட்வான்ஸைத் திருப்பி அனுப்புகிறேன்' என்று அனுப்புங்கள். 10,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகப் போட்டு, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள்.