புகைக்குள்ள போற பானை: மண்பாண்டம் பத்தின வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆறு மாசமா சக்கரத்துல பழகிட்டிருக்கேன். சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல ராக்கு சுடுறது சொல்லித்தர்றதா ஒரு வொர்க்‌ஷாப் வருது, ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்திதான். போகலாமா? ரெண்டு நாள்ல அப்படி என்ன கத்துக்க முடியும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாராளமா போங்கம்மா. (ராக்குன்னா, பாத்திரத்தை சூளைலேர்ந்து தணலா இருக்கும்போதே வெளிய எடுத்து புகைல விடற முறை.) ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை கேட்டு தெரிஞ்சுக்கோங்க, சுடப்போற பாத்திரம் யாரோடது? ஏன்னா சனிக்கிழமை காலைல செஞ்ச பச்சை மண் பானைய ஞாயித்துக்கிழமை நெருப்புல வைக்கவே முடியாது, நிழல்ல நல்லா காயணும், அதுக்கே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அப்புறம் 900லேர்ந்து 1000 டிகிரி வரைக்கும் மெதுவா ஒரு தடவை சுட்டு எடுக்கணும், அதைத்தான் பிஸ்க்னு சொல்றோம். அதனால ஒழுங்கா நடத்தறவங்க ஒண்ணு பிஸ்க் பண்ணின பாத்திரம் அவங்களே குடுப்பாங்க, இல்ல உங்களோடதை கொண்டுவரச் சொல்வாங்க. கொண்டுவரச் சொன்னா என்ன மண்ணுன்னும் கேட்டுக்கோங்க. ராக்குக்கு சாதா மண் தாங்காது, சுட்ட மண்ணை இடிச்ச பொடி, அதாவது க்ராக், நிறைய கலந்த சொரசொர மண் வேணும். தட்டையான தட்டு வேண்டாம், உருண்டையான சின்ன கிண்ணம் கொண்டு போங்க, சூடு மாறும்போது அதுதான் தாக்குப்பிடிக்கும்.

முதல் நாள் பெரும்பாலும் கிளேஸ், அதாவது சூட்டுல உருகி கண்ணாடி மாதிரி ஆகற மேல்பூச்சு, பூசறதுலயும் அது காயறதுலயும் போயிடும். சூளை ரெண்டாவது நாள்தான். கேஸ் பர்னர் வச்ச சின்ன கில்ன்ல (சூளைதான்) ஒரு மணி நேரத்துக்குள்ளயே ஆயிரம் டிகிரி பக்கம் கொண்டுபோயிடுவாங்க. மீட்டர் இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீங்க, ஓட்டை வழியா உள்ள பாருங்க (கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு), கிளேஸ் முதல்ல கொப்புளம் கொப்புளமா பொங்கும், அப்புறம் அடங்கி சர்க்கரைப்பாகு மாதிரி வழவழன்னு மின்னும், அந்த நேரத்துல நீள இடுக்கியால தணலா இருக்கிற கிண்ணத்தை வெளிய எடுத்து மரத்தூள், காஞ்ச இலை, பேப்பர் போட்ட இரும்பு டிரம்முக்குள்ள வச்சு மூடிடணும். குப்புனு தீ பிடிக்கும், மூடினதும் உள்ள இருக்கிற தீ காத்துக்கு ஏங்கும், வெளிலேர்ந்து கிடைக்காத ஆக்சிஜனை கிளேஸ்ல இருக்கிற தாமிர ஆக்ஸைடுலேர்ந்தே இழுத்துக்கும். பச்சை நிறமா வரவேண்டிய கிண்ணம் செம்புப் பாத்திரம் மாதிரி பளபளக்கிறது அதனாலதான். வெள்ளை கிளேஸ்னா வேற மாதிரி, வெளிய எடுத்ததும் சில செகண்ட் காத்துல பிடிச்சா டிங் டிங்னு சத்தத்தோட விரிசல் விடும், அந்த விரிசல்ல கரி போய் உக்காந்து கறுப்பு வலை பின்னினாப்ல வரும். எத்தனை செகண்ட் காத்துல பிடிக்கணும்ங்கிறதை எந்த வீடியோவும் உங்க கைக்கு சொல்லித்தராது, அதுக்குத்தான் நேர்ல போகச் சொல்றேன். இடுக்கிய நம்ம கைல குடுப்பாங்களா, இல்ல தள்ளி நின்னு வேடிக்கை மட்டும்தானான்னு கேளுங்க. வேடிக்கைன்னா அந்த காசுக்கு மண் வாங்கிடுங்க.

இதை ஜப்பான் கலைன்னு சொல்லித்தான் நடத்துவாங்க, அது பாதிதான் சரி. 16ஆம் நூற்றாண்டு கியோட்டோல, தேநீர் குரு சென் நோ ரிக்யுவுக்காக சோஜிரோன்னு ஒருத்தர் கையால வடிச்ச கிண்ணங்கள்லேர்ந்து வந்த பேர் ராக்கு, அங்கயும் தணலா இருக்கும்போதே வெளிய எடுப்பாங்க, ஆனா மரத்தூள் டிரம் கிடையாது. டிரம், புகை எல்லாம் 1960ல கலிஃபோர்னியால பால் சோல்ட்னர் பண்ணிப் பார்த்ததுலேர்ந்து பரவினது.

பருத்தித் துணிதான் உடுத்தணும், துப்பட்டா வேண்டாம், முடிய இறுக்கிக் கட்டிக்கோங்க, மூடின ஷூ போடுங்க. நான் முதன்முதலா போன வொர்க்‌ஷாப்ல ஒரே ஒரு ஜோடி கையுறைதான், பத்து பேர் மாத்தி மாத்தி போட்டோம், பக்கத்துல நின்ன பொண்ணோட நைலான் துப்பட்டா நுனில தீப்பொறி பட்டு உருகிப்போச்சு, நல்லவேளை உடம்புல படலை. அன்னைக்கு பயந்தது இன்னும் எனக்கு மறக்கலை, அதனால கையுறையும் முகக்கவசமும் ஆளுக்கு ஒண்ணு இருக்கான்னு கேக்க தயங்காதீங்க.

கேள்வி: கீழடில கிடைச்ச கறுப்பு சிவப்பு பானையும் இந்த மாதிரி புகைல சுட்டதுதானா? (வாசகர், மதுரை)

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லணும். டிரம்மும் இடுக்கியும் அவங்ககிட்ட இல்ல, ஆனா நெருப்போட கணக்கு ஒண்ணேதான். நம்ம மண்ல இரும்பு இருக்கு, காத்து தாராளமா கிடைச்சா சுடும்போது சிவக்கும், காத்தை அடைச்சு புகைய விட்டா கறுக்கும், கூடவே கரியும் மண்ணோட நுண்துளைல இறங்கிடும். கறுப்பு சிவப்பு பானைல உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளிய கீழ்ப்பக்கம் சிவப்பு. பானைய கவுத்து வச்சு, வாய் சாம்பல், உமி மாதிரி எதுலயாவது புதைஞ்சிருக்கிற மாதிரி சுட்டிருக்கலாம்னு ஒரு விளக்கம் சொல்றாங்க, ரெண்டு தடவை சுட்டிருப்பாங்கன்னு சொல்றவங்களும் உண்டு. கவுத்து வைக்கிற முறைய நான் உமி போட்டு சின்ன கிண்ணத்துல பண்ணிப் பார்த்திருக்கேன், கறுப்பும் சிவப்பும் சேர்ற அந்தக் கோடு நேரா வரவே வரல, அலை அலையாத்தான் வந்துது. மியூசியத்துல ஆதிச்சநல்லூர் பானைய பார்த்தா அந்தக் கோட்டை கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, எவ்வளவு நிதானமான கைன்னு புரியும்.

நம்ம ஊர்ல பானை செய்யற வேளார்கள் வைக்கோல், வரட்டி அடுக்கி மேல மண் பூசி போடற சூளைலயும் இதேதான் நடக்குது. பொங்கல் பானைல ஒரு பக்கம் கறுப்பா திட்டு இருந்தா ஒதுக்கி வச்சுட்டு வேற கேக்கறோம்ல, அது அந்த இடத்துல காத்து போகாம புகை தங்கின அடையாளம். ‘ஆல்டர்நேட்டிவ் ஃபயரிங்’னு வெளிநாட்டுல காசு குடுத்து கத்துக்கறது இதைத்தான், மண் சூளை போடறவங்க உங்க ஊர் பக்கத்துல இருந்தா அனுமதி கேட்டு ஒரு சூளை பிரிக்கற அன்னைக்கு போய் நில்லுங்க, அவங்க நேரத்துக்கு காசும் குடுங்க.

கேள்வி: ராக்கு கப்ல காபி குடிக்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: வேண்டாம். கம்மி சூட்டுல சுட்டது, மண் முழுசா இறுகியிருக்காது, விரிசல் வழியா காபி உள்ள இறங்கும், அதோட தாமிரம் கலந்த கிளேஸ் உணவுக்கு சரிப்படாது. அலங்காரத்துக்கு வச்சுக்கோங்க. அந்த செம்பு மினுமினுப்பும் காத்து பட்டு நாளாக ஆக மங்கும், வெயில் படற இடத்துல வைக்காதீங்க. குடிக்கிற கப்தான் வேணும்னா ஸ்டோன்வேர், அதாவது அதிக சூட்டுல சுட்டு நல்லா இறுகின பாத்திரம், பக்கம் போங்க, 1971ல டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் பாண்டிச்சேரில கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த வட்டாரத்துல அது நல்லா வேரூன்றியிருக்கு. (மண் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி சுட்டுப் பார்த்தவர் மீக்கர், அவரைப் பத்தி தனியாவே எழுதணும்.)

கேள்வி: வொர்க்‌ஷாப்ல பார்த்ததை வீட்டு மொட்டை மாடில செய்யலாம்னு இருக்கேன். கேஸ் கில்ன் வாங்க வசதியில்ல. குதிரை முடி போட்டு செய்யறதும் பிடிச்சிருக்கு. (வாசகர், திருப்பூர்)

பதில்: மொட்டை மாடில வேண்டாம் தம்பி, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ள புகை போகும், தளமும் சூட்டுல வெடிக்கும். குதிரை முடிக்கு பாத்திரம் 500, 600 டிகிரில வெளிய வரணும், முடி பட்டதும் கருகி கோடு கோடா பதியும், ஆனா அதுக்கு சூட்டை நம்ம கட்டுப்பாட்டுல வைக்கிற கில்ன் வேணும், இப்போதைக்கு விட்டுடுங்க.

ஊர்ல தோட்டமோ காலி இடமோ இருந்தா பழைய டிரம் ஒண்ணு போதும். பிஸ்க் பண்ணின கிண்ணமா இருக்கட்டும், அதுவும் சுடறதுக்கு முன்னாடி பச்சை மண்ணா இருக்கும்போதே கூழாங்கல்லால தேய்ச்சு மெருகேத்தினதுன்னா புகை நிறம் அழகா நிக்கும். டிரம்முல சுத்தி நாலஞ்சு ஓட்டை போட்டு, அடில மரத்தூள் ஒரு ஜாண், மேல கிண்ணம், சுத்தி வாழைப்பழத்தோல், உப்பு, ஒரு துண்டு செம்புக் கம்பி, திரும்ப மரத்தூள், மேல வரட்டியும் சுள்ளியும். மயில்துத்தம் போட்டா நிறம் தூக்கலா வரும்னு சொல்வாங்க, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, நான் போடறதில்ல. மேலேர்ந்து பத்த வச்சு, சுள்ளி நல்லா பிடிச்சதும் தகரத்தால லேசா மூடிட்டு புகை வர்ற பக்கம் நிக்காம தள்ளி வந்துடுங்க. பக்கத்துல ரெண்டு வாளி தண்ணி வச்சுக்கோங்க, குழந்தைகளை கிட்ட விடாதீங்க. ராத்திரி முழுக்க அது தானா புகையட்டும், ஆசைல மூடிய திறந்தா குளிர்ந்த காத்து பட்டு கிண்ணம் கீறிடும். காலைல டிரம்மோட வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்க, சூடே இல்லைன்னா சாம்பலை விலக்கலாம்.