தம்பியின் சிறுநீரகத்தோடு கிருமியும் வந்துவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ். என் தம்பி ஒன்றைத் தர முன்வந்திருக்கிறான். 2009 இல் செட்டிகுளம் முகாமில் அவனுக்குச் செங்கமாரி வந்தது. அது இவருக்கும் தொற்றும் என்று மாமி பயப்படுகிறா. கொடுக்கலாமா?
- ஒரு சகோதரி, நெடுங்கேணி

பதில்: மாமி பயப்படுவதில் பிழையில்லை. ஆனால் எனக்குப் பழைய செங்கமாரியை விட, பரிசோதனைக்கும் ஒப்பரேசனுக்கும் இடையில் போகும் நாட்கள்தான் கவலை.

அந்த வருடம் முகாம்களில் ஹெப்படைட்டிஸ் ஏ (செங்கமாரியைக் கொண்டுவரும் ஈரல் கிருமிகளில் ஒன்று) பரவியது. அது அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது; சுகமானால் உடம்பில் தங்காது. தங்கக்கூடியவை பி, சி இரண்டும். தம்பிக்கு வந்தது எதுவென்று ஊகிக்கத் தேவையில்லை, இரத்தம் சொல்லிவிடும். பி எப்போதோ வந்து மாறிய அடையாளம் மட்டும் இருந்தால், அதற்காகவே சிறுநீரகத்தை வேண்டாம் என்று சொல்வதில்லை. கணவருக்குப் பி தடுப்பூசி வேலை செய்திருந்தால் ஆபத்து மிகக் குறைவு. இலங்கையில் குழந்தைகளுக்கே இந்த ஊசி 2003 இல்தான் தொடங்கியது. அவருக்குச் சிறுவயதில் கிடைத்திராது. டயலிசிஸ் செய்பவர்களுக்கு ஊசியின் அளவு அதிகம், போட்டு முடிக்க மாதங்கள் எடுக்கும். கிளினிக்கில் இப்போதே கேளுங்கள்.

இனி அந்த இடைநாட்கள். கிருமி புகுந்தவுடன் சோதனையில் தெரியாது. ஹெப்படைட்டிஸ் சி எதிர்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்குவது) தெரிய இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம்; வைரசையே தேடும் பி.சி.ஆர். (கொரோனாக் காலத்தில் மூக்கில் எடுத்தார்களே, அந்த வகை, இது இரத்தத்தில்) அதைச் சில நாட்களாகக் குறைக்கும். 2009 இல் நியூயோர்க்கில் உயிரோடிருந்த ஒருவர் கொடுத்த சிறுநீரகத்தால் எச்.ஐ.வி. தொற்றியது. ஒப்பரேசனுக்கு 79 நாட்களுக்கு முன் பார்த்தபோது கொடுத்தவரிடம் கிருமி இல்லை. பிறகு தொற்றியதை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. அதன்பின்தான் ஒப்பரேசனுக்கு முந்தின 7 நாட்களுக்குள் மீண்டும் சோதிக்கும்படி அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொன்னது. வன்னியிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போய்ச் சோதித்துவிட்டு வந்தபின் திகதி தள்ளிப்போவது புதினமல்ல. திகதி கிடைத்ததும், “தம்பிக்குத் திரும்ப இரத்தம் பார்ப்பீர்களா, பி.சி.ஆரும் உண்டா?” என்று வாய்திறந்து கேளுங்கள்.

இன்னொன்று. உடலுறவு, ஊசி, பச்சை குத்தியது பற்றியெல்லாம் தம்பியிடம் விசாரிப்பார்கள். அக்கா பக்கத்தில் இருந்தால் எந்த இளைஞன் உண்மை சொல்வான்? வெளியே போய் இருங்கள். அவன் பின்வாங்கினாலும் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். ஒப்பரேசன் கிட்டும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மறைக்கவும் கூடாது. மாரியில் டெங்கு என்றால் தள்ளிப்போடத்தான் வேண்டும்.

சைட்டோமெகலோ என்ற வைரஸ் நம் நாட்டில் பெரும்பாலான பெரியவர்களிடம் உறங்கிக் கிடக்கிறது. அதை விலக்க முடியாது. தேவையானால் சில மாதம் தடுப்பு மருந்து தருவார்கள். சிறுநீரகம் மாற்றி 4 முதல் 6 கிழமைக்குள் கணவருக்கு எச்.ஐ.வி., பி, சி மூன்றையும் பி.சி.ஆரில் பார்ப்பது நல்லது. எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் குளிசை எடுப்பவருக்கு எதிர்பொருள் சோதனை பொய் சொல்லலாம். காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் இராமல் அன்றைக்கே கிளினிக்குக்கு அறிவியுங்கள்.