ஊர் வாயை எப்படி மூடுவது?

கேள்வி:

மேடம், எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். என் மகள் பிளஸ் டூ படிக்கும்போது 17 வயதில் கர்ப்பமாகிவிட்டாள். தெரிந்தபோது ஐந்து மாதம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். நம்பிப் போனவர்களைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. "வளர்ப்பு சரியில்லை" என்று என் நாத்தனார் முகத்துக்கு நேரே சொல்கிறார். அழகர்கோவிலில் பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம், பங்காளி வீட்டில் ஒருத்தர் வரவில்லை. நான் பிள்ளையைச் சரியாகத்தான் வளர்த்தேன் மேடம். தடுப்பூசிக்குப் போனாலும் நர்ஸ் இவளை ஏற இறங்கப் பார்க்கிறார். அதனால் நானே தூக்கிப் போய்விடுகிறேன். பஸ்ஸில் யாராவது கேட்டால் வம்பு என்று இவளை 'அக்கா' என்று கூப்பிடப் பழக்கிவிட்டோம். அவனும் என்னைத்தான் அம்மா என்கிறான், அதில் ஒன்றும் கஷ்டமில்லை. நாத்தனார் பேச்சுதான் நெஞ்சை அறுக்கிறது. மகளுக்கு இப்போது 19 வயது. போனும் கையுமாகக் கிடக்கிறாள், யாரோடும் பேச்சில்லை, பொறுப்பே இல்லை. ஊர் வாயை எப்படி மூடுவது?

பதில்:

சகோதரி, நாத்தனாரை விடுங்கள். அவர் வாயை அடைக்க என்னிடம் மருந்தில்லை. ஆஸ்பத்திரி மேலும் கோபம் வேண்டாம். 18 வயது நிறையாத பெண் கர்ப்பம் என்று தெரிந்தால், 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் அவர் மேலேயே வழக்கு வரும்.

'அதில் ஒன்றும் கஷ்டமில்லை' என்கிறீர்களே, யாருக்கு? மகள் அதற்கு என்ன சொன்னாள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன். ஒரு வரி இல்லை. சின்ன வயதில் பெற்றவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, அவள் தலைகாட்டினாலே அவமானம் என்பதுதான் ஊர்ப் பேச்சு. நாத்தனார் அதை வாயால் சொன்னார். நீங்கள் செய்தே காட்டிவிட்டீர்கள். பாசத்தில்தான் செய்தீர்கள், சந்தேகமில்லை. ஆனாலும் சுமந்து பெற்றவள் சொந்த வீட்டிலேயே அக்காவாக நடிக்கிறாள். பிள்ளையை முழுசாக வாங்கி வைத்துக்கொண்டு பொறுப்பில்லை என்றால், அவள் எதில்தான் பொறுப்பைக் காட்டுவாள்?

போனோடு கிடப்பதைச் சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் நெடுநாள் இழுக்கும். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416-ல் அரசின் டெலி மானஸ் ஆலோசகர்களிடம் தமிழிலேயே பேசலாம். அவளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதலாம். அப்போது பேரனைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருப்பது அவளுக்குப் பெரிய பலம்.

அப்புறம், ஒன்றரை வயது ஊசிக்கு அவள் தூக்கிப் போகட்டும். துணைக்கு நீங்களும் போங்கள். நர்ஸ் முறைத்தால் முறைக்கட்டும். பிள்ளைக்கு அம்மா யார் என்று கேட்டால் பதிலை அவள் சொல்லட்டும். அவனிடமும் இந்த வாரமே சொல்லத் தொடங்குங்கள். பேச்சு பழகும் வயதில் மாற்றுவது சுலபம். பிறப்புச் சான்றிதழை அவனே எழுத்துக்கூட்டிப் படிக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள்.