ரோலக்ஸுக்கு வீட்டு இன்சூரன்ஸ்: மதிப்பீட்டுச் சான்றிதழை யாரிடம், எப்படி வாங்குவது?

கேள்வி: என் கணவர் 2009-ல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு ரோலக்ஸ் சப்மரைனர் வாங்கினார். ஸ்டீல், கறுப்பு டயல், தேதி காட்டும். பெட்டியும் கேரண்டி கார்டும் இருக்கின்றன, பில் இல்லை. மாமனார் கட்டியிருந்த பழைய ஒமேகா சீமாஸ்டர் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போனால், வாட்ச்சைச் சேர்க்க மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும் என்கிறார் ஏஜென்ட். பழக்கமான நகைக்கடைக்காரர் லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா? எவ்வளவு தொகை போடச் சொல்வது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நகைக்கடைக்காரரின் கடிதம் வேண்டாம். அவர் நாணயமானவராகவே இருக்கலாம், தங்கத்தையும் வைரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எடை போடத் தெரிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் ஸ்டீல் வாட்ச்சில் அவர் எடை போட எதுவுமில்லை. தங்க வாட்ச்சாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: உறையின் (இயந்திரத்தை மூடியிருக்கும் வெளிக்கூட்டின்) தங்கத்துக்கு மட்டும் விலை போட்டு, உள்ளே ஓடும் இயந்திரத்தையும் பிராண்டின் சந்தை மதிப்பையும் விட்டுவிடுவார்கள். நகைக்கென்று பதிவுபெற்ற அரசு அங்கீகார மதிப்பீட்டாளர்களிலும் பலர் வாட்ச்சைத் திறந்து பார்ப்பவர்கள் அல்லர். இன்சூரன்ஸ் நிறுவனம் அப்படிப்பட்ட ஒருவரின் முத்திரைதான் வேண்டும் என்று வற்புறுத்தினால், வாட்ச் தெரிந்தவரின் அறிக்கையை முதலில் வாங்கி, அதை இணைப்பாக வைத்து அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

சான்றிதழின் உயிர் அதில் இருக்கும் தொகையில் இல்லை, விவரத்தில் இருக்கிறது. நாளைக்கு வாட்ச் திருட்டுப் போனால், இழப்பைக் கணக்கிட நிறுவனம் அனுப்பும் சர்வேயரின் கையில் பொருள் இருக்காது. தாள் மட்டும்தான் இருக்கும். ‘ரோலக்ஸ் வாட்ச் ஒன்று, மதிப்பு ரூ. 7 லட்சம்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அவரால் எதையும் நிரூபிக்க முடியாது. அது அசலா, எந்த மாடல், எந்த ஆண்டு, நீங்கள் சொல்லும் வாட்ச்தானா என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இன்றைக்கே, வாட்ச் கையில் இருக்கும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் சப்மரைனரையே எடுத்துக்கொள்வோம். 2009-ல் புதிதாக வாங்கிய, தேதியுள்ள கறுப்பு ஸ்டீல் சப்மரைனர் என்றால் அதன் ரெஃபரன்ஸ் எண், அதாவது மாடலைக் குறிக்கும் எண், பெரும்பாலும் 16610 ஆக இருக்கும். உள்ளே இருப்பது 3135 என்ற இயந்திரம். 2010-ல் அந்த மாடல் நின்று 116610 வந்தது. 2020-ல் அதுவும் போய், 41 மில்லிமீட்டர் உறையும் 3235 இயந்திரமும் கொண்ட 126610 வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும், விலையோ மூன்றுக்கும் வேறு. ‘சப்மரைனர்’ என்று மட்டும் எழுதினால் எந்த விலையைத் தருவது என்ற வழக்கு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

ஆகவே ரெஃபரன்ஸ் எண்ணும், அந்த ஒரு வாட்ச்சுக்கே உரிய சீரியல் எண்ணும் கட்டாயம். பழைய ரோலக்ஸில் ஸ்டீல் செயினைக் கழற்றினால் 12 மணிப் பக்கம் ரெஃபரன்ஸும் 6 மணிப் பக்கம் சீரியலும் பொறித்திருக்கும். உங்கள் வாட்ச்சின் காலத்தில் சீரியல் எண்ணை டயலைச் சுற்றிய உள்வளையத்திலும் பொறிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு லென்ஸ் இருந்தால் நீங்களே படிக்கலாம். கேரண்டி கார்டில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் பில் இல்லாத குறை பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு: அந்தக் காலத்து வங்கி அல்லது கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், இந்தியா வந்தபோது சுங்கத்தில் பணம் கட்டியிருந்தால் அந்த ரசீது, சர்வீஸ் செய்த பில்கள், கணவர் அதைக் கட்டியிருக்கும் பழைய போட்டோக்கள். இவற்றில் கிடைத்ததையெல்லாம் ஒரே கோப்பில் சேருங்கள்.

எண்களுக்கு அப்புறம் சான்றிதழில் வர வேண்டியவை: உறை எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர், இயந்திரத்தின் எண், செயின் அசலா, அதன் எண் என்ன, டயலும் முட்களும் வாட்ச்சோடு வந்தவையா அல்லது சர்வீஸில் மாற்றியவையா, பாலீஷ் போட்டிருக்கிறதா, கீறல் எங்கெங்கே, ஓட்டம் எப்படி, பெட்டியும் கார்டும் இருக்கின்றனவா. தேதியிட்ட போட்டோக்கள் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு, எண்கள் என்று எல்லாம் இருக்க வேண்டும். முடிந்தால் பின்மூடியைத் திறந்து இயந்திரத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே திறக்கட்டும், மூடிய பிறகு தண்ணீர் புகாத சோதனையும் செய்து தரட்டும். திறந்து மூடும்போது ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் அடுத்த மழைக்கே கண்ணாடிக்குள் ஆவி படியும்.

டயல், முட்கள் விஷயத்தை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏல நிறுவனம் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை 31 லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு மேல் விற்றது. 2023-ல், அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர்களே அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்றும் ஒமேகா அறிவித்தது. உலகத்தின் பெரிய ஏல மேடையிலேயே இப்படி நடக்கும்போது, உள்ளூர் மதிப்பீட்டில் பாகம் பாகமாகப் பார்க்கச் சொல்வது அதிகப்படியான எதிர்பார்ப்பு இல்லை.

உங்கள் மாமனாரின் சீமாஸ்டருக்கு இது இன்னும் பொருந்தும். பழைய ஒமேகாவில் சீரியல் எண் இயந்திரத்தின் மேலேயே இருக்கும், மாடல் எண் பின்மூடியின் உட்புறம் இருக்கும். திறக்காமல் மதிப்பிட்டால் அந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையே கிடையாது. நம் நாட்டில் பழைய ஸ்விஸ் வாட்ச்களின் டயலைச் சுரண்டி, புதிதாக வண்ணம் அடித்து, பெயரைத் திரும்ப அச்சிடுவது பல காலமாக நடக்கிறது. பளபளவென்று இருக்கும், ஆனால் சேகரிப்பவர்களிடம் விலை வெகுவாக இறங்கிவிடும். மங்கிப்போன அசல் டயல்தான் மதிப்புள்ளது. அதனால் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோகும் முன் ‘கொஞ்சம் பாலீஷ் போட்டுவிடலாமே’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உறையின் கூர்மையான விளிம்புகள் பாலீஷில் ஒருமுறை கரைந்தால் கரைந்ததுதான். சர்வீஸ் கொடுத்தாலும் டயலையும் முட்களையும் மாற்ற வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள்.

சரி, தொகைக்கு வருவோம். ஒரே வாட்ச்சுக்கு மூன்று விலை உண்டு. இன்று கடையில் புதிதாக வாங்கினால் என்ன விலை, இதே மாடலை இதே நிலையில் நம்பகமான பழைய வாட்ச் கடையில் வாங்கினால் என்ன விலை, நீங்கள் விற்கப் போனால் கையில் என்ன கிடைக்கும். மூன்றாவதுதான் ஆகக் குறைவு, இன்சூரன்ஸுக்கு அது வேண்டாம். உற்பத்தியில் இருக்கும் மாடலுக்கு முதல் விலையைக் கேட்கலாம். உங்கள் 16610 நின்றுபோன மாடல் என்பதால் இரண்டாவதுதான் சரியான அடிப்படை: கார்டும் பெட்டியும் உள்ள இன்னொரு 16610-ஐ வாங்கி அந்த இடத்தை நிரப்ப ஆகும் செலவு. எந்த அடிப்படை என்பதைச் சான்றிதழில் வார்த்தையாகவே எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டாளர் எதை வைத்து அந்த விலைக்கு வந்தார் என்றும் கேளுங்கள். இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலை என்பது கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. நடந்து முடிந்த விற்பனைகள் இரண்டு மூன்றையாவது அவர் காட்ட வேண்டும். வெளிநாட்டு விலையாக இருந்தால் நம் சுங்க வரி, ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்பதும் முக்கியம். இந்தக் கணக்கே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது: ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்து, ஸ்விஸ் வாட்ச்களுக்கான சுங்க வரி படிப்படியாக இறங்குகிறது.

தொகையைக் கூட்டிப் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. சாதாரணப் பாலிசியில் இழந்ததற்கு ஈடுதான் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடைக்காது. கட்டிய கூடுதல் பிரீமியம்தான் வீண். குறைத்துப் போட்டால் வேறு ஆபத்து. வீட்டில் 12 லட்ச ரூபாய்க்கு விலையுயர்ந்த பொருட்கள் இருந்து, 6 லட்சத்துக்குத்தான் பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்ச ரூபாய் வாட்ச் ஒன்று மட்டும் திருட்டுப் போனால், பாதிதான் காப்பீடு செய்தீர்கள் என்று சொல்லி 2 லட்சம் மட்டும் தரும் விதி பல திருட்டுக் காப்பீடுகளில் இருக்கிறது. வாட்ச்சைத் தனியாகப் பெயர் குறிப்பிட்டு, இருதரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்குச் சேர்ப்பதுதான் இதற்கெல்லாம் மருந்து.

யாரிடம் போவது? அந்த பிராண்டின் அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்திலோ, பழைய வாட்ச் வாங்கி விற்கும் நிலையான நிறுவனத்திலோ விசாரியுங்கள். சென்னை, பெங்களூரு போனால் வாய்ப்பு அதிகம். சர்வீஸ் மையம் விலை போட்டுத் தராவிட்டாலும், சீரியல் எண்ணோடு சர்வீஸ் பில் தரும். அசல் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கட்டணம் ஒரே தொகையாக இருக்கட்டும். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவருக்கு மதிப்பை ஏற்றுவதில் ஆதாயம் இருக்கிறது, அவர் வேண்டாம். ‘நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்று பேச்சைத் தொடங்குபவரும் வேண்டாம்.

இப்போது உங்கள் ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு. வாட்ச் அதில் அடங்கிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். விலையுயர்ந்த பொருட்களுக்கு அதில் தனி விருப்பப் பிரிவு இருக்கிறது, அது ஒத்துக்கொண்ட மதிப்பு அடிப்படையில் அமைந்தது. அந்தப் பிரிவின் மொத்தத் தொகை 5 லட்சத்துக்குள்ளும், ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் சான்றிதழ் தேவையில்லை. சீமாஸ்டர் தனியாக அந்த வரம்புக்குள் வரலாம், சப்மரைனர் வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, பலருக்கும் தெரியாதது: இந்தப் பாலிசி சாதாரணத் திருட்டுக்குப் பணம் தராது. தீ, வெள்ளம், புயல் போன்ற பாலிசியில் சொன்ன ஒரு சம்பவம் நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே தரும். பூட்டை உடைத்து வந்த திருடனுக்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு வேண்டும். கையில் கட்டிக்கொண்டு வெளியே போகும்போது தொலைந்தாலோ பறிபோனாலோ, நகைக்கு எடுப்பதுபோல ‘ஆல் ரிஸ்க்’ பாதுகாப்பு வேண்டும். அதிலும் விலக்குகளைப் படியுங்கள். அதிகமாகச் சாவி கொடுத்தது, நசுங்கியது, உள்ளே இயந்திரம் பழுதானது போன்றவை வாட்ச்சுக்கு வழக்கமாகவே விலக்கு. யாரும் இல்லாத காரில் விட்டுப்போனதும், வீட்டைத் தொடர்ந்து பல நாள் பூட்டிவைத்ததும் பல பாலிசிகளில் க்ளெய்மைத் தடுக்கும். மகனைப் பார்க்க மகளைப் பார்க்க என்று இரண்டு மாதம் வெளிநாடு போகிறவர்கள் அந்த நாள் கணக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வெளிநாட்டுக்கு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது வரி கேட்க மாட்டார்கள், வாட்ச் உங்களுடையது என்பதற்கு அரசு ஆவணம் ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கும்.

திருட்டு நடந்துவிட்டால் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். போலீஸில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பி வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி, அதில் சீரியல் எண்ணை எழுத வையுங்கள். பெரும்பாலும் பிறகு ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற போலீஸ் சான்றும் கேட்பார்கள். அதே எண்ணை ரோலக்ஸுக்கும், திருட்டு வாட்ச்களைப் பதியும் சர்வதேசப் பட்டியல்களிலும் கொடுத்துவையுங்கள். ஸ்விஸ் ஆடம்பரப் பொருள் நிறுவனமான ரிஷ்மோன் குழுமம் 2023-ல் தொடங்கிய ‘என்குவைரஸ்’ தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. எங்காவது சர்வீஸுக்கோ விற்பனைக்கோ வந்தால் அங்கே சிக்கும்.

சான்றிதழின் மூலப்பிரதியை வாட்ச் பெட்டிக்குள் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தே போய்விடும். ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கும், வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். பாலிசி வந்ததும் அதன் அட்டவணையில் ரெஃபரன்ஸ், சீரியல் எண்கள் இரண்டும் பிழையில்லாமல் ஏறியிருக்கின்றனவா என்று அன்றைக்கே சரிபாருங்கள். இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, புதுப்பிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், விலையை மட்டும் திருத்தி வாங்கினால் போதும். பழைய ரோலக்ஸ் விலை 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய் அப்புறம் நன்றாகவே இறங்கியது, அந்த ஆண்டின் சான்றிதழை யாராவது இன்னும் வைத்திருந்தால் அவர்கள்தான் முதலில் மாற்ற வேண்டியவர்கள்.