இத்தாலிய மொழியில் கே, கூயி, கி: கேள்வி பதில்

கேள்வி: பெயரையும் அதை விவரிக்கும் தொடரையும் இணைக்கும் 'கே' (che) எங்கே வரும், 'கூயி' (cui) எங்கே வரும்? இரண்டு மாதமாகக் குழம்புகிறேன். தமிழில் இரண்டுக்கும் 'வாங்கிய', 'வெட்டிய' என்றுதானே வருகிறது?

பதில்: குழப்புவதே நம் பெயரெச்சம்தான். 'நான் வாங்கிய புத்தகம்', 'நான் ரொட்டி வெட்டிய கத்தி' என்னும்போது வேற்றுமை உருபை விழுங்கிவிடுகிறோம். இத்தாலிய மொழியில் அது நடக்காது. தொடரை முழு வாக்கியமாக்கிப் பாருங்கள். 'புத்தகத்தை வாங்கினேன்': ஐ உருபு இருப்பதால் 'இல் லீப்ரோ கே ஓ கொம்ப்ராதோ'. 'பையன் வந்தான்' போல உருபே இல்லாவிட்டாலும் கே. 'கத்தியால் வெட்டினேன்' என்றால் ஆல் எட்டிப் பார்க்கிறது. 'இல் கொல்தெல்லோ கொன் கூயி ஓ தல்யாதோ இல் பானே'. அந்தக் 'கொன்'தான் நம் ஆல். வசிக்கும் வீட்டுக்கு 'இன் கூயி'. இடம் என்பதால் 'எங்கே' எனப் பொருள்படும் 'தோவே'யும் போடலாம்.

கேள்வி: அந்தக் கணக்கில், 'நான் உதவிய பையன்' என்பதற்கு 'ஆ கூயி' எழுதினேன் ('ஆ' நம் கு உருபு). ஆசிரியை சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டார்.

பதில்: என் கணக்கின் ஓட்டை அது. நாம் பையனுக்கு உதவுகிறோம். அவர்கள் பையனை 'உதவுகிறார்கள்'. ஆகவே 'இல் ரகாட்சோ கே ஓ ஆயுதாதோ'. தொலைபேசியில் அழைப்பதற்கு 'லமீகோ ஆ கூயி ஓ தெலெஃபோனாதோ'. இங்கே 'நண்பனுக்குப் போன் செய்தேன்' என்ற நம் வழக்கமே கைகொடுக்கும். 'தேவை'யில் மறுபடி இடறுவீர்கள்: எனக்குத் தேவையான புத்தகம் 'இல் லீப்ரோ தி கூயி ஓ பிசோன்யோ'. வினையைப் படிக்கும்போதே அது எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்றும் படித்துவிடுங்கள்.

கேள்வி: 'லா சின்யோரா இல் கூயி ஃபீல்யோ' என்றால் 'எந்த அம்மாளுடைய மகனோ, அந்த அம்மாள்'. பெண்ணுக்கு ஏன் ஆண்பாலுக்குரிய 'இல்'?

பதில்: அந்த 'இல்' அம்மாளுடையது அல்ல, மகனுடையது. மகள் என்றால் 'லா கூயி ஃபீல்யா'. பேச்சில் அரிது, வாசிக்கும்போது புரிந்தால் போதும்.

கேள்வி: 'யார்' என்று கேட்கவும் 'கி' (chi), பழமொழியிலும் 'கி'. எப்படி?

பதில்: 'கி தோர்மே நோன் பில்யா பேஷி', தூங்குபவனுக்கு மீன் சிக்காது. கேள்வி இல்லாத இடத்தில் கி நம் '-பவர்'. அதற்குள்ளேயே ஆள் இருப்பதால், முன்னால் இன்னொரு பெயர் நிற்காது: 'பாடும் பெண்' என்றால் 'லா தொன்னா கே காந்தா', கி அல்ல. வினை ஒருமையில் வரும். வருகிறவர்கள் 4 பேர் என்று தெரிந்தாலும் 'கி வியேனே?' என்றுதான் கேட்பார்கள். யாருடைய புத்தகம் இது? 'தி கி ஏ க்வெஸ்தோ லீப்ரோ?' நமக்கு உருபு வாலில், அவர்களுக்குத் தலையில்.

கேள்வி: 'எது' என்று கேட்கும் 'க்வால் ஏ'யில் (qual è) இரண்டு சொற்களுக்கும் இடையே, எழுத்து விட்டுப்போனதைக் காட்டும் மேற்குறி (') உண்டா?

பதில்: கிடையாது. 'க்வாலே' தன் கடைசி உயிரை உதிர்த்து 'க்வால்' என்று மெய்யெழுத்துக்கு முன்னாலும் நிற்கும். எதிர்பாராமல் வந்தவரை வரவேற்கும் 'க்வால் புவோன் வென்தோ!' அப்படித்தான். எனவே குறி வேண்டியதில்லை. இத்தாலியர்களே இதில் தாராளமாகச் சறுக்குவார்கள்; கடைப் பலகையில் குறியோடு பார்த்தால் நம்பிவிடாதீர்கள்.