எம்பசிக்குள்ள என்ன நடக்குது? கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

ஊர் பரந்தன். வளைகுடா நாடொண்டில எங்கட இலங்கை எம்பசியின்ர கொன்சியூலர் பிரிவில, அதாவது அங்க இருக்கிற எங்கட சனத்தின்ர பிரச்சினை பாக்கிற பிரிவில, லோக்கல் ஸ்டாஃபா கனகாலம் வேலை செய்தனான், இப்ப ஊரோட வந்திட்டன். நான் ராஜதந்திரி இல்லை, அவைக்குப் பக்கத்து மேசையில இருந்தவன், அதால அவை சொல்லாததையும் சொல்லுவன்.

மாங்குளம் தம்பி: அண்ணை, உவை நாள் முழுக்க என்னதான் செய்யிறவை? கோட்டும் பார்ட்டியும்தானே?

பார்ட்டி இருக்குத்தான், பெப்ரவரி 4 சுதந்திர தினம் எண்டா கட்டாயம். ஆனா அதுவும் வேலைதான் தம்பி, மணிக்கணக்கா நிண்டுகொண்டு எந்தச் சட்டம் மாறப்போகுது, ஆர் புது அமைச்சர் எண்டு மற்ற நாட்டுக்காரரிட்டக் கதை பிடிச்சு, விடிய வந்து கொழும்புக்கு ரிப்போட் எழுதோணும். மிச்சம் முழுக்கக் கடுதாசி. எங்கட பொடியன் ஒருத்தன் ஜெயிலில எண்டா செக்ரட்டரி எண்டுற எங்கட ராஜதந்திரி போன் எடுத்துக் கதைச்சா மட்டும் காணாது, அந்த நாட்டு வெளிநாட்டமைச்சுக்கு நோட் வேர்பால் எண்டுற உத்தியோகக் கடிதம் போகோணும். அதில நான், நாங்கள் எண்டு ஒண்டும் வராது, தூதரகம் தன்ர வணக்கத்தைத் தெரிவிக்குது எண்டு ஆரோ மூண்டாம் ஆள் சொல்லுற மாதிரி இருக்கும், முழுக் கையெழுத்தும் இல்லை, இனிசியலும் சீலும்தான். முதல் பாக்கேக்க எனக்குச் சிரிப்பு. பிறகு விளங்கிச்சு, ரெண்டு நாடும் முகம் குடுத்துக் கதைக்காத நேரத்திலயும் உந்தக் கடிதம் மட்டும் போய்வரும்.

புதுக்குடியிருப்பு அக்கா: என்ர தம்பியை அங்க பொலிஸ் பிடிச்சிட்டுது. எம்பசி நினைச்சா வெளியில எடுக்கலாம் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லுறான், உண்மையே?

இல்லை அக்கா, உதுக்கு அவனுக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ. கொன்சியூலர் உறவு பற்றின 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை 36ஆம் பிரிவின்படி, பிடிபட்ட ஆளுக்கு 'உன்ர நாட்டு ஆக்களுக்கு அறிவிக்கலாம்' எண்டு சொல்லோணும், அவர் கேட்டா அறிவிக்கவும் வேணும். பிறகு எங்கட ஆக்கள் போய்ப் பாக்கலாம், லோயர் ஒழுங்கு பண்ணலாம், வீட்டுக்குச் சேதி சொல்லலாம். வழக்கை நிப்பாட்டேலாது. பாஸ்போட்டில உள்ளபடி முழுப்பேர், பாஸ்போட் நம்பர், கபீலின்ர, அதாவது அங்க விசா எடுத்துக் குடுத்த முதலாளியின்ர, போன் நம்பர், தம்பி கடைசியாக் கதைச்ச நாள், இவ்வளவையும் எழுதி அனுப்புங்கோ. 'தம்பி குவைத்தில' எண்டு மட்டும் சொல்லி ஒராளைத் தேடேலாது.

இன்னொண்டு, இது எல்லாருக்கும். ஐரோப்பாவில அசைலம் கேட்டுப் பிடிபட்ட ஆள் எண்டா வீட்டுக்காரர் அவசரப்பட்டு எம்பசிக்கு அடிக்க வேண்டாம், அவர் பயந்து போனதே எங்கட அரசாங்கத்துக்கு எண்டா எம்பசியும் அந்த அரசாங்கம்தானே, முதல் அவரின்ர லோயரைக் கேளுங்கோ.

முழங்காவில் அண்ணர்: வெளிநாட்டில செத்தா பொடி வர ஏன் இவ்வளவு நாள் எடுக்குது?

எங்கட பிரிவில பாரமான வேலை இதுதான். ஆஸ்பத்திரி அறிவித்தல், பொலிஸ் கடிதம், அந்த நாட்டு இறப்புச் சான்றிதழ், முதலாளியிட்ட நிலுவைச் சம்பளம், எம்பாம் பண்ணின சான்றிதழ், எங்கட ஆட்சேபனை இல்லைக் கடிதம், பிளைட் கார்கோ, ஒண்டு பிந்தினா எல்லாம் பிந்தும். இஞ்சாலயும் பெட்டி வேணுமோ அங்கயே அடக்கமோ எண்டு நெருங்கின சொந்தம் எழுதித் தரோணும், விதானையாரும் டீஎஸ் ஒபிஸும் (பிரதேச செயலகம்) உறுதிப்படுத்தோணும். இதில வன்னிச் சனத்துக்கு ஒரு தனிக் கரைச்சல், 2009 இடப்பெயர்வில பத்திரமெல்லாம் போச்சு, பிறகு எடுத்த பிரதியில ஒரு பேர், ஐடென்டிற்றி கார்ட்டில ஒரு பேர், பாஸ்போட்டில வேற ஸ்பெல்லிங். ஒருக்கா தர்மபுரம் பக்கத்து அம்மா ஒராள் லைனில, மகன் அங்க ஐஸ் பெட்டியில, ரெண்டு பத்திரத்திலயும் அவனுக்கு ஒரு எழுத்து வித்தியாசம். எங்கட செக்கண்ட் செக்ரட்டரி சிங்களப் பிள்ளை, நான்தான் நடுவில நிண்டு மொழிபெயர்க்கிறன். அம்மா அழேல்ல, 'எந்த எழுத்தெண்டு சொல்லுங்கோ தம்பி, எழுதுறன்' எண்டு பேனை தேடுறா. அந்தப் பிள்ளைக்கு நான் மொழிபெயர்க்கத் தேவைப்படேல்ல, மேசையைப் பாத்தபடி தலையாட்டினவ. அண்டைக்கு வியாழக்கிழமை வேற. அங்க வெள்ளி சனி லீவு, கொழும்பில சனி ஞாயிறு லீவு, ரெண்டு பக்கமும் ஒபிஸ் திறந்திருக்கிறது கிழமைக்கு நாலு நாள்தான். போகப்போற பிள்ளையளின்ர பத்திரங்களை இப்பவே பக்கத்தில பக்கத்தில வைச்சு எழுத்தெழுத்தாப் பாருங்கோ, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பியூரோவில பதியாமல் போகவும் விடாதேங்கோ, பதிஞ்சவைக்குத்தான் இன்சூரன்ஸ்.

ஒட்டுசுட்டான் தங்கச்சி: பிள்ளை தமிழ்நாட்டு முகாமில பிறந்தது, இந்தியன் எண்டு சொல்லுகினம்.

அங்க பிறந்தவுடன இந்தியன் இல்லை தங்கச்சி. 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு தாய் தகப்பனில ஒராளாவது இந்தியப் பிரஜையா இருக்கோணும். நீங்கள் இலங்கைப் பிரஜை எண்டா பிள்ளையைச் சென்னையில இருக்கிற எங்கட துணைத்தூதரகத்தில பதியலாம், ஒரு வருசத்துக்குள்ள பதிஞ்சா லேசு, பிந்தினாலும் அனுமதியோட பதியலாம். ஊருக்கு வந்திட்டீங்கள் எண்டா பத்தரமுல்லையில குடிவரவுத் திணைக்களத்தின்ர பிரஜாவுரிமைப் பிரிவுக்குப் போங்கோ, அங்கத்தைப் பிறப்புச் சான்றிதழை மட்டும் துலைச்சிடாதேங்கோ.

நெடுங்கேணியில இருந்து: அந்தக் கொடிக்குக் கீழ வேலை செய்ய மனம் ஒத்துக்கொண்டதோ?

சம்பளத்துக்குப் போனனான். முள்ளிவாய்க்கால் நினைவு வாற மே மாசம் வந்தா ஒரு மாதிரித்தான் இருக்கும், அங்க ஆரோடயும் அதைக் கதைக்கிறேல்ல. ஆனா வீட்டுவேலைக்கு வந்து அடி தாங்காமல் ஓடிவந்த மன்னார்ப் பிள்ளை ஒண்டு கவுண்டரில நிக்கேக்க தமிழில 'இரம்மா, தண்ணி குடி' எண்டு சொல்ல ஆரும் வேணும்தானே. உங்களுக்கு அது பிழையாத் தெரிஞ்சா நான் வாதாட வரேல்ல. ராஜதந்திரிமாருக்கும் சொந்த வாய் இல்லை, கொழும்பில அரசாங்கம் மாறினா நேற்றுச் சொன்னதுக்கு எதிர்மாறா இண்டைக்குச் சொல்லோணும், அதே கோட்டைப் போட்டுக்கொண்டு.

மல்லாவி கம்பஸ் பிள்ளை: அண்ணா, நான் அந்த வேலைக்கு வரலாமோ?

வரலாம். டிகிரி வேணும், வெளிநாட்டுச் சேவைக்குக் கெசட்டில விண்ணப்பம் கோருவினம், பரீட்சைத் திணைக்களத்தின்ர போட்டிப் பரீட்சை, பிறகு இன்டர்வியூ. எடுக்கிறது கொஞ்சப் பேரைத்தான், இங்கிலிஷ் நல்லா வேணும். சில வருசத்துக்கொருக்கா நாடு மாறோணும், பிள்ளையளின்ர பள்ளிக்கூடமும் கூடவே மாறும், அதைச் சொல்லித்தான் கன பேர் முறைப்படுவினம்.

கிளிநொச்சிப் பகிடிக்காரன்: எம்பசிச் சாமான் போற டிப்ளோமற்றிக் பேக்கை ஒருத்தரும் திறக்கேலாதாமே, முரல் கருவாடு ஒரு கிலோ அனுப்பலாமோ?

திறக்கேலாதுதான், ராஜதந்திர உறவு பற்றின 1961 வியன்னா உடன்படிக்கை 27ஆம் பிரிவு. ஆனா உத்தியோகப் பத்திரமும் சாமானும் மட்டும்தான் அதுக்குள்ள போகலாம். அதோட கருவாட்டைத் திறந்து பாக்கத் தேவையில்லையடா, மணமே காட்டிக்குடுத்திடும்.