வெள்ளைக் கோடு மட்டும் போதுமா?

நெரிசலான சாலையில் கோடு போட்டுவிட்டால் மக்கள் பாதுகாப்பாகக் கடந்துவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. வண்டிகளின் வேகம் குறையாத இடத்தில் அந்தக் கோடு வெறும் பெயின்ட்தான். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே பெருகுகிறது. கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும்.

சாலை நடுவே நின்றுகொள்ள ஒரு திட்டும் அவசியம். ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் கவனித்தால் போதும்.

சிக்னலில்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று முடிவுசெய்ய, நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. 14 மீட்டர் சாலைக்குச் சுமார் 12 நொடி. கைத்தடி ஊன்றி நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 17 நொடிக்கு மேல் வேண்டும். பச்சை விளக்கு அணையும்போது அவர் நடுச்சாலையில் நிற்பார். அது அவர் பிழையா?

நடை மேம்பாலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். படியேற முடியாதவர்கள் கீழேதான் கடப்பார்கள். கடக்கும் இடத்தை ஒட்டி வண்டி நிறுத்துவதையும் தடுக்க வேண்டும். அதன் மறைவிலிருந்து வரும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாது.